திருத்தி வாசிக்கவும்

அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளருக்கு வாய் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. தண்ணீர் வராது என்றால் அறிவிப்பு. மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு மாற்றினால் அறிவிப்பு. படிக்கட்டில் நீங்கள் விட்ட செருப்பு தடுக்கி விழப் பார்த்தாலும் உங்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போவார். போய்த் தன் அறையில் உட்கார்ந்து, ‘படிக்கட்டில் காலணிகளை வைக்கக் கூடாது’ என்று சங்கத்தின் இணையதளத்தில் ஏற்றிவிடுவார். நேரில் சொன்னால் சண்டை வரும், எழுத்தில் சொன்னால் வராது என்பது அவர் கட்சி. அறிவிப்புகளில் யார் பெயரையும் போடவும் மாட்டார். ஒருமுறை பெயர் போட்டு, அதில் இனிஷியல் தவறி, அந்தப் புகைச்சல் அடங்க மாதக்கணக்கானதாம். அதிலிருந்து மாடியும் தொழிலும்தான். ‘இரண்டாம் மாடி தையல்காரம்மா’, ‘முதல் மாடி பாட்டு டீச்சர்’ என்று எழுதினால் யாருக்குத்தான் புரியாது?

இந்த அறிவிப்புகளை ஒன்று விடாமல் படித்தவள் நான்காம் மாடி வலதுபக்க வீட்டு மருமகள் ஒருத்திதான். தேடிப் போய்ப் படித்தாள் என்று நினைக்க வேண்டாம். அவள் பிழைப்பே அது. செய்திக் கண்காணிப்பு நிறுவனம் ஒன்றில் வேலை. பத்திரிகை, அரசு அலுவலகம், கம்பெனி என்று எந்த இணையதளத்தில் புதிதாக எது வந்தாலும் அது ஃபீடாக அவள் திரையில் வந்து விழும். தளம் தளமாகப் போய் எட்டிப் பார்க்க வேண்டாம். ஒருமுறை ரீடர் என்கிற செயலியில் சேர்த்துவிட்டால் தலைப்பும் செய்தியும் தாமே வந்து வரிசையில் நிற்கும். எது யாருக்கு வேண்டுமோ அதைப் பொறுக்கி அனுப்ப வேண்டியது அவள் பொறுப்பு.

அந்த அலுவலகத்தில் இரண்டு சட்டங்கள் உண்டு. செய்தியைக்கூட ஆற அமர அனுப்பலாம். திருத்தம் வந்தால் மட்டும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அதை முதலில் கவனிக்க வேண்டும். மற்றொன்று, பக்கத்தை நம்பாதே, ஃபீடை நம்பு. அவசரப்பட்டு எதையாவது தளத்தில் போட்டுவிட்டு, ஐயோ என்று உடனே எடுத்துவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். பக்கம் காணாமல் போய்விடும். ஆனால் ரீடர் அதற்குள் இழுத்து வைத்துக்கொண்ட பிரதி அப்படியே இருக்கும். ஒருவன் எடுத்துவிட்டதுதான் உண்மை, விட்டு வைத்திருப்பதெல்லாம் பூச்சு என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள்.

வேலைப் புத்தி வீட்டிலும் போகவில்லை. சங்கத்தின் ஃபீடைத் தன் போனில் சேர்த்து, ரீடர் நொடிக்கொரு தரம் போய்ப் பார்த்து வருமாறு வைத்திருந்தாள். “ஊர் உலகத்துச் சேதியெல்லாம் இவளுக்கு வந்துடும். அடுப்புல பால் பொங்கற சேதி மட்டும் வராது” என்பாள் மாமியார். அவளும் பதிலுக்கு, “அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே அத்தை” என்பாள். இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிற கணவர், தெருமுனையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சாது. ஊரார் கண்ணெல்லாம் சோதிக்கிற மனிதருக்குத் தன் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று மட்டும் தெரியாது. அவர்மேல் அவளுக்கு உயிர்.

முதலில் வந்தது புறா. ‘மொட்டை மாடித் தொட்டியில் புறா விழுந்து கிடந்ததால் தொட்டி கழுவப்படுகிறது. மாலை வரை தண்ணீர் வராது.’ தொட்டுத் திறந்தால், அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் ஜோராகக் கொட்டியது. மறுநாள் அதே அறிவிப்பு, எழுத்துக்கு எழுத்து அப்படியே, மறுபடி வந்தது. இந்த முறை பக்கம் திறந்தது, குழாய் காற்றை ஊதியது. மனிதர் முன்கூட்டியே எழுதிப் பழகுகிறார்போல என்று சிரித்துக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினாள். பாதிப் படியில்தான், புறா விழப்போவதை எப்படி முன்கூட்டி எழுதுவது என்று தோன்றியது. தோன்றியதை அங்கேயே விட்டுவிட்டாள். தலைக்கு மேல் வேலை கிடந்தது.

அடுத்தது தையல்காரம்மா. ‘இரண்டாம் மாடி தையல்காரம்மா வீட்டில் பற்றிய தீ அணைக்கப்பட்டது. ஜன்னல் திரை மட்டும் சேதம்.’ அதற்கும் பக்கம் இல்லை. அலுவலகம் கிளம்புகிற வழியில் மனசு கேட்காமல் கதவைத் தட்டினாள்.

“தீயா? எங்க வீட்டுலயா?” தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்று சிரித்தாள். “என் வாய்லதான் எப்பவும் தீ இருக்குன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவார். வேற எங்கயும் இல்லம்மா.”

ஜன்னலில் நீலத் திரை அழகாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் மாலையில் திரும்பியபோது படிக்கட்டெல்லாம் கருகல் நாற்றம். தையல்காரம்மா இஸ்திரிப் பெட்டியை அணைக்க மறந்துவிட்டாளாம். திரை இருந்த இடத்தில் கம்பி மட்டும் இருந்தது. அன்று மருமகளுக்குச் சோறு இறங்கவில்லை. கணவரிடம் சொன்னபோது, “அந்தாளு சும்மா இல்லாம எதையாவது எழுதிட்டே இருக்கார். ஒண்ணு ரெண்டு பலிச்சிடுது” என்று போர்வையை இழுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் ஒன்றும் இல்லை. குப்பை வண்டி, சந்தா பாக்கி, வழக்கமான புலம்பல்கள். அவளும் மறக்கத் தொடங்கினாள். ஒரு நாள் அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. ஈரக் கையோடு எடுத்துப் பார்த்தாள்.

‘துயர அறிவிப்பு. நான்காம் மாடி வலதுபக்க வீட்டில் குடியிருந்த மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் நேற்று மாலை லிஃப்ட் குழியில் விழுந்து காலமானார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.’

மேலே தேதி இருந்தது. நாளைய தேதி. நாளைக்கு வருகிற அறிவிப்பில் நேற்று மாலை என்றால் அது இன்று மாலை. தொட்டுத் திறந்தாள். பக்கம் இல்லை. புறாவுக்கும் தீக்கும் முதலில் வந்ததும் இப்படித்தான். டப்பாவை அங்கேயே போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டாள்.

கடையில் கணவர் ஒரு பெரியவரை உட்காரவைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். “என்ன இந்த நேரத்துல? அம்மாவுக்கு ஏதாவது…?”

அவள் போனை நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“எனக்கு ‘ஆழ்ந்த வருத்தத்துடன்’தானா? மேல் வீட்டு பேண்ட் மாஸ்டர் செத்தப்போ ‘தாங்கொணாத் துயரத்துடன்’னு போட்டாரே. சந்தா ஒழுங்கா கட்டறவனுக்கு இதுதான் மரியாதை.”

“விளையாடாதீங்க. எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது.”

“சரி. இன்னைக்கு லிஃப்ட்ல ஏறலை. முட்டி வலிச்சாலும் படியிலேயே வரேன். போதுமா?”

“போதாது. கடையைப் பூட்டுங்க.”

அவள் கண் கலங்கியிருப்பதைப் பார்த்த பிறகுதான் அவர் கேலியை நிறுத்தினார். எங்கேயாவது வெளியில் போய்விட்டு ராத்திரி வரலாமா என்று கேட்டார். அவள் அதையும் யோசித்துப் பார்த்திருந்தாள். எந்த லிஃப்ட் என்று அறிவிப்பில் இல்லை. போகிற இடத்திலெல்லாம் லிஃப்ட் இருக்கிறது. நம் வீட்டு லிஃப்ட்டையாவது நிறுத்தச் சொல்லலாம், கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்காரலாம், பொழுது சாய்ந்து இருட்டிவிட்டால் மாலை முடிந்துபோகும் என்று கணக்குப் போட்டாள். வழி முழுக்க அவர் கையை விடவில்லை. தெருவில் போனவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

செயலாளர் கீழ்த்தளத்து அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவள் நீட்டிய போனைப் படித்ததும் முதலில் அவர் முகம் சிவந்தது. மாட்டிக்கொண்ட முகம்.

“இது உங்களுக்கு எப்படிம்மா வந்துச்சு?”

“அப்போ நீங்கதான் எழுதினீங்களா?”

“இதை இல்லை. இந்த மாதிரி…” என்று இழுத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பேண்ட் மாஸ்டர் இறந்தபோது அறிவிப்பு எழுத நேரமாகிவிட்டதாம். வீட்டார் ரொம்ப வருத்தப்பட்டார்களாம். அதனால் அறுபது தாண்டிய எல்லோருக்கும் முன்னதாகவே ஒன்று எழுதி வைத்திருக்கிறார். எழுதியது திரையில் எப்படி அமைகிறது என்று பார்க்கத் தளத்தில் ஏற்றுவார், பார்த்ததும் எடுத்துவிடுவார். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தார்.

“நீங்க எடுத்தாலும் ரீடர்ல இருக்கும் சார்” என்றாள். அவளுக்கு உயிர் வந்ததுபோல் இருந்தது. ஆக, இது வெறும் கிறுக்குத்தனம். ஆத்திரம்தான் பொங்கியது. “உயிரோட இருக்கிறவங்களுக்கு இரங்கல் எழுதி வைக்கிறதுக்கு உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?”

“எனக்கும்கூட எழுதி வச்சிருக்கேம்மா” என்றார், அது ஒரு சமாதானம் என்பதுபோல. ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். அவள் மாமியாருக்கும் ஒன்று இருந்தது. ‘இன்சொல் பேசும் அம்மையார்’ என்று எழுதியிருந்தார். கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

ஆனால் எல்லாவற்றிலும் நாளும் காரணமும் எழுதவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. “அதை எப்படிம்மா முன்னாடியே எழுத முடியும்?” என்றார் செயலாளர். “சாருக்கு நான் எழுதவே இல்லை. அவருக்கு அந்த வயசு ஆகலையே. இன்னைக்குக் காலையிலேர்ந்து நான் எதையும் ஏத்தவும் இல்லை.”

“புறா? அது முந்தின நாளே வந்துச்சே?”

“அது விழுந்த அன்னைக்குத்தான் எழுதினேன். முந்தின நாளே எப்படி எழுதறது?”

செயலாளர் போனை வாங்கி மறுபடி படித்தார். இப்போது அவர் முகத்தில் சிவப்பு இல்லை. அந்த நடை அவர் நடைதான், அந்த ‘தெரிவித்துக்கொள்கிறோம்’ அவருடையதுதான், ஆனால் அவர் எழுதவில்லை. தன் கையெழுத்தில் யாரோ எழுதிய கடுதாசியைப் படிக்கிறவர் மாதிரி முழித்தார். பிறகு எழுந்து போய் லிஃப்ட்டின் மின்சாரத்தை அணைத்தார். மாடிக்கு மாடி ஒட்டுவதற்காக, ‘லிஃப்ட் இயங்காது’ என்று தாளில் பெரிதாக எழுத ஆரம்பித்தார். அவள் கணவரைக் கைத்தாங்கலாகப் படியேற்றிக் கொண்டுபோனாள்.

“ஏன்டி, அவன் மனுஷனா, பொட்டலமா? இப்படித் தூக்கிட்டு வந்திருக்கே?” என்றாள் மாமியார். விஷயத்தைச் சொன்னதும் அவள் வாய் அடைத்துப்போனது. அந்த வீட்டில் அது அதிசயம். மகன் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவர் முட்டியைத் தடவிக்கொடுத்தாள். மருமகள் கதவைப் பூட்டிச் சாவியைக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஜன்னலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அவள் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது போன் அதிர்ந்தது. மதியம் வந்த அதே அறிவிப்பு, படிக்காததைப் போலத் தடித்த எழுத்தில் மறுபடி மேலே வந்து நின்றது. போட்டவர்கள் எதையாவது மாற்றினால் அப்படித்தான் வரும்.

‘திருத்தம். துயர அறிவிப்பில் “நான்காம் மாடி வலதுபக்க வீட்டில் குடியிருந்த மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர்” என்று இருப்பதைச் “சங்கத்தின் செயலாளர்” என்று திருத்தி வாசிக்கவும். தவறுக்கு வருந்துகிறோம்.’

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். மறைப்பானேன்? சாகப்போவது இவர் இல்லை, இவர் இல்லை என்று மனசு குதித்தது. வெளியே படிக்கட்டுப் பக்கம் ஒட்டுநாடாவைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. அந்த மனிதர் மாடி மாடியாக ஏறி வந்து தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறார். நாம் சொன்னதால்தான் ஒட்டுகிறார். இந்த நினைப்பு வந்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. பூட்டைத் திறந்துகொண்டு ஓடினாள்.

செயலாளர் மூன்றாம் மாடி லிஃப்ட் கதவில் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு, தாளின் மூலையைப் பல்லால் கடித்த நாடாவால் ஒட்டிக்கொண்டிருந்தார். மின்சாரம் போனதால் கதவின் பிடி விட்டிருந்தது. அவர் சாயச் சாய அது சத்தமில்லாமல் விலகிக்கொண்டிருந்தது. அவள் படியில் இறங்கிய வேகத்தில் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். இருவரும் சுவரோரம் விழுந்தார்கள். கதவு முழுதாகத் திறந்துகொண்டது. உள்ளே லிஃப்ட் இல்லை, இருட்டுதான் இருந்தது. அவருடைய ஒரு செருப்பு மட்டும் உள்ளே போயிருந்தது. அது விழுந்த சத்தம் மேலே வர ரொம்ப நேரம் ஆனதுபோல் இருந்தது.

“நான்… இப்ப நான்…” என்றார் செயலாளர். அவள் அவரையும் மேலே கூட்டிக்கொண்டு வந்து, கணவருக்கு எதிரே உட்காரவைத்துக் கதவைப் பூட்டினாள். மாமியார் டீ போட்டுக் கொடுத்தாள். அவர் இரண்டு கைகளாலும் டம்ளரைப் பிடித்திருந்தபோதே போன் மறுபடி அதிர்ந்தது. ‘சங்கத்தின் செயலாளர்’ என்பதை ‘இரண்டாம் மாடி தையல்காரம்மா’ என்று திருத்தி வாசிக்க வேண்டுமாம். தவறுக்கு வருந்தினார்கள்.

அவள் செயலாளரின் கைகளைப் பார்த்தாள்; இரண்டும் டம்ளரில்தான் இருந்தன, அவர் எதையும் எழுதவில்லை. அவரும் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

“அவளைக் கூப்பிடுடி, என்ன பாத்துட்டு நிக்கறே?” என்று மாமியார்தான் விரட்டினாள். அவள் படிக்கட்டில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். தையல்காரம்மா, பாதி தைத்த ரவிக்கையோடு, “இப்ப எங்க தீ?” என்று முணுமுணுத்தபடி ஏறி வந்தாள். அவள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் அடுத்த திருத்தத்தில் பாட்டு டீச்சர். பாட்டு டீச்சர் வந்ததும் ஐந்தாம் மாடி பல் டாக்டர். பெயர் வர வர, அவள் ஓடி ஓடிக் கூட்டிவந்தாள். திருத்தம் வந்தால் போட்டது போட்டபடி ஓடுவது அவள் ரத்தத்தில் ஊறியிருந்தது. ஒவ்வொருவரையும் உள்ளே விட்டுக் கதவைப் பூட்டும்போது, கணவர் இருந்த இடத்திலேயே இருக்கிறாரா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள். அவர் கையை உயர்த்திக் காட்டுவார்.

செயலாளருக்குத்தான் அந்த யோசனை வந்தது. “ஒவ்வொருத்தரா ஏம்மா கூப்பிடணும்? எல்லாரையும் இங்க வரவச்சுடுவோம். வெளியில ஆளே இல்லைன்னா அதால யார் பேரைப் போட முடியும்?”

அவளுக்கு அது தெளிவான யோசனையாகப் பட்டது. செயலாளர் வாழ்நாளில் முதன்முறையாக அறிவிப்பு போடாமல், போனை எடுத்து வீட்டுக்கு வீடு வாயால் பேசினார். அவர் குரலைக் கேட்ட அதிசயத்திலேயே பாதிப் பேர் வந்துவிட்டார்கள். கைக்குழந்தையோடு வந்தார்கள், நாற்காலியோடு வந்தார்கள். வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பியவர்கள் பையைக்கூடக் கழற்றாமல் வந்தார்கள். நடக்க முடியாத ஆறாம் மாடிக்காரரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் கிடத்தினார்கள். விஷயத்தைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். மூன்றாம் மாடிக்குப் போய்த் திறந்து கிடந்த லிஃப்ட் கதவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சிரிக்கவில்லை.

கூடத்தில் நிற்க இடமில்லை. படுக்கையறை, சமையலறை, நடைவழி எங்கும் ஆட்கள். செயலாளர் நாற்காலிமேல் ஏறி நின்று ஒவ்வொரு வீடாகச் சொல்லிச் சொல்லிச் சரிபார்த்தார். ஒரு வீடு பாக்கியில்லை. ஊருக்குப் போனவர்கள் ஊரில் பத்திரமாக இருப்பதாகப் போனில் சொன்னார்கள். அவள் கடைசியாகக் கதவைப் பூட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். போன் கைக்குள் பேசாமல் கிடந்தது. திருத்தங்கள் வரத் தொடங்கியதிலிருந்து அது இவ்வளவு நேரம் சும்மா இருந்ததே இல்லை.

ஜன்னலில் வெளிச்சம் சாம்பலாகியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம், அவ்வளவுதான். பெயர்கள் தீர்ந்துவிட்டன என்று அவளுக்குத் தோன்றியது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள். அறைக்குள்ளும் பயம் தளர்ந்து, பேச்சும் சிரிப்பும் கிளம்பியிருந்தன. ஒரே கட்டிடத்தில் இத்தனை வருஷம் இருந்தும் முகம் பார்த்துப் பேசாதவர்கள், யார் வீட்டுக் குழாய் யார் வீட்டில் ஒழுகுகிறது என்று உரிமையோடு சண்டை போட்டார்கள். மாமியார் கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து எல்லோருக்கும் டீ கொடுத்தாள். “இன்சொல் பேசும் அம்மையாரே, எனக்கு ஒண்ணு” என்றார் கணவர். எங்கோ அடியில் ஏதோ முனகியது. யாரோ கட்டிலை நகர்த்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். கூட்டத்தின் தலைகளுக்கு மேலாகக் கணவர் அவளைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

போன் அதிர்ந்தது.

‘திருத்தம். துயர அறிவிப்பில் இதுவரை செய்யப்பட்ட திருத்தங்கள் அனைத்தும் விலக்கிக்கொள்ளப்படுகின்றன. காலமானவர் என்று இருப்பதைக் “குடியிருப்போர் அனைவரும்” என்றும், “லிஃப்ட் குழியில் விழுந்து” என்று இருப்பதை “நான்காம் மாடி வலதுபக்க வீட்டில் கூடியிருந்தபோது பாரம் தாங்காமல் தளம் இடிந்து” என்றும் திருத்தி வாசிக்கவும். அனைவரையும் ஒரே இடத்தில் சேர்த்த நான்காம் மாடி மருமகளுக்குச் சங்கம் நன்றி தெரிவித்துக்கொள்கிறது.’

அவள் மெல்லத் தலையைத் தூக்கினாள். போன் அதிர்ந்ததைப் பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். அவர்கள் பேச்சை நிறுத்த, அடுத்தவர்கள் நிறுத்த, நடைவழி, சமையலறை என்று வீடு முழுக்க அரவம் அடங்கியது. அத்தனை பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவளிடமிருந்து பெயரைக் கேட்டு, அந்த ஆளைக் காப்பாற்றத் தயாராக நின்றார்கள். கணவர் அவளைப் பார்த்துக்கொண்டே எழுந்து நின்றார். அவர் காலடியில் தரையில் பதித்திருந்த ஒரு பீங்கான் கல் மெதுவாக மேலெழும்பி விரிசல் விட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

சாவி அவள் கைக்குள்தான் இருந்தது. கதவுக்கும் அவளுக்கும் நடுவில் ஆட்கள், ஆட்களுக்கு நடுவில் ஆட்கள். வாயைத் திறந்தாள். கத்தினால் எல்லோரும் ஒரே நேரத்தில் கதவை நோக்கி ஓடுவார்கள்.

“யாருடி இந்தத் தடவை?” என்று மாமியார் கேட்டாள்.